மச்சான் முகம் போட்ட வெடி

பழிவாங்குவது பாவம் என்று சொல்லித்தர நினைக்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் பழிவாங்கினேன். ஒரு வருசம் காத்திருந்து, சிரித்த முகத்தோடு, மரியாதையாக 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்று கூப்பிட்டுக்கொண்டே வாங்கினேன். அதற்காக இன்றுவரை நான் தூக்கம் கெட்டது கிடையாது.

பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பினவன் நான். ஏதாவது வங்கி வாசலில் துப்பாக்கியோடு ஸ்டூல் போட்டு உட்காருவேன் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். நான் ஒரு நாளிதழுக்கு விருதுநகர் நிருபராகப் போய்ச் சேர்ந்தேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க வருகிற கூட்டம், நாலுவழிச் சாலையில் கவிழ்ந்த லாரி, மல்லாங்கிணறு பக்கம் மழையில்லாமல் கருகின பயிர், சிவகாசியில் வெடி விபத்து என்று என் பிழைப்பு ஓடியது. விபத்து நடந்த ஆலைக்குள் முதலில் நுழைகிற நிருபர் பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன். பிணத்தைப் பார்த்துப் பழகினவன் என்று போட்டோகிராபர்கள் என்னை முன்னால் தள்ளிவிடுவார்கள்.

ஆனால் இங்கே நான் சொல்லப்போவது விபத்துக் கதை இல்லை. நான் பழிவாங்கின முதலாளியின் பட்டாசு ஆலையில் ஒருவருக்கு ஒரு விரல்கூடக் கருகியது கிடையாது. ரொம்பப் பத்திரமான மனுசன். தொழிலாளிக்குப் போனஸ் கொடுப்பார், கோயிலுக்கு மின்விளக்கு போட்டுக் கொடுப்பார். அவர் மேல் எனக்கு இருந்த ஆத்திரத்தை நாலு பேரிடம் சொன்னால், இதுக்குப் போயா என்பார்கள். ஆமாம், இதுக்குத்தான்.

என் மனைவி ஆமத்தூர்க்காரி. அவளுடைய அண்ணனும் நானும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். பயிற்சி முகாமில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எல்லையில் மலைக்கு மேலே பனியில் காவல் நிற்கும்போது, "ஏலே, எந் தங்கச்சியக் கட்டிக்கலே, உன்ன மாதிரி ஒரு கோவக்காரன்தான் அவளுக்குச் சரி" என்று கேலி பண்ணுவான். நான் அவனை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தது அந்தக் கேலியில்தான். ஒரு நாள் காலையில் நாங்கள் இருந்த பாறைக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தது. அவனைப் பெட்டியில் வைத்து ஆமத்தூருக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் நான். பெட்டியைத் திறக்கக் கூடாது, மேலிடத்து உத்தரவு என்று வீட்டாரிடம் சொன்னேன். அவன் அம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், தங்கச்சி ஆணி அடித்த மூடியை நகத்தால் பிறாண்டினாள். நான் திறக்க விடவில்லை. உத்தரவு கிடக்கட்டும், பெட்டிக்குள் காட்டுவதற்கு முகம் இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் ரெண்டு வருசம் கழித்து அந்தத் தங்கச்சியையே கட்டிக்கொண்டேன். இவளுக்காக நான் எதையும் செய்வேன். காலையில் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் செய்திக்குப் போவேன், மகள் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அவளுக்குச் சடை பின்னிவிட்டது நான்தான். பட்டாளத்துக்காரன் வீட்டில் பூனை என்று மற்ற நிருபர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் வீட்டில் என்ன வாழ்கிறது என்று எனக்குத் தெரியாதா?

மச்சான் நினைவு நாளுக்கு வருசா வருசம் ஆமத்தூர் பஸ் ஸ்டாப்பில் நான் ஒரு பிளெக்ஸ் வைப்பேன். அவனுடைய ஒரே நல்ல படம், யூனிபாரத்தில் எடுத்தது. இடது புருவத்தில் சின்னம்மைத் தழும்பு ஒன்று இருக்கும், அந்த இடத்தில் முடி முளைக்காது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில்தான் அடிக்கக் கொடுப்பேன். அங்கே ஒரு பழக்கம் உண்டு. பிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எதற்குக் கொடுத்த படமாக இருந்தாலும் டிசைன் போடுகிறவர் கம்ப்யூட்டரில் அப்படியே கிடக்கும். காலண்டருக்குக் குழந்தை முகம் வேண்டும் என்றால் எவனோ பெற்ற குழந்தையை எடுத்துப் போடுவார்கள். ஊதுபத்திப் பாக்கெட்டில் சிரிக்கிற பெண், எங்கேயோ ஒரு ஊரில் வளைகாப்பு நடந்த பெண்ணாக இருப்பாள். யாரும் யாரையும் கேட்பதில்லை.

போன வருசத்துக்கு முந்தின தீபாவளிக்கு அந்த முதலாளி வழக்கம்போல நிருபர்களுக்கெல்லாம் கிப்ட் பாக்ஸ் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு நான் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் என் மனைவி கையில் ஒரு ஒற்றை வெடியை வைத்துக்கொண்டு நிற்கிறாள். விரல் நீளம்தான் இருக்கும். அதைச் சுற்றி ஒட்டியிருந்த லேபிளில் பட்டாளத்துக்காரன் ஒருவன் முறைத்துக்கொண்டிருந்தான். மீசையைப் பெரிசாக்கியிருந்தார்கள், உதட்டுக்குச் சிவப்புப் பூசியிருந்தார்கள், பின்னால் பீரங்கி. புருவத்தில் தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. எங்கள் மகள் பாக்ஸைக் கவிழ்த்துப் பார்த்தாள். கட்டுக் கட்டாக மாமன் முகம்.

என் மனைவி அழவில்லை. "எங்க அண்ணன எதுக்கு வெடியில சுத்திருக்காக?" என்று கேட்டாள்.

மறுநாளே அந்தப் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அவர் ஆபீஸுக்குப் போனேன். போகிற வழியில் அச்சகத்தில் விசாரித்ததில், நல்ல மிடுக்கான பட்டாளத்து மூஞ்சியாக ஒன்று போடச் சொல்லி ஆர்டர் வந்தது, எடுத்துப் போட்டோம் என்றார்கள். முதலாளி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்றார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவார். டீ சொன்னார். நான் விசயத்தைச் சொன்னேன். அவர் வெடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையிலேயே சந்தோசப்பட்டார்.

"உங்க மச்சானா? அடடா. மொத சாமி படந்தான் போட்டுட்டு இருந்தோம் மிலிட்டரி. சாமிய மிதிக்கிறாகன்னு வடக்க சண்டைக்கு வந்துட்டாக. பட்டாளத்துக்காரனப் போட்டா எவன் வந்து கேக்கப் போறான்? பேப்பர்ல வந்தா ஒருநாள், மறுநாள் வடை மடிக்கப் போயிரும். வெடியில வந்தா நாடு பூராப் போகும். இத விட மருவாத என்ன வேணுங்கீக?"

நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஐட்டம் நன்றாக ஓடுகிறது, அடுத்த சீசனுக்கும் இதே லேபிள்தான் என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, என் கையில் இன்னொரு கிப்ட் பாக்ஸைக் கொடுத்தார். என் பத்திரிகை ஆசிரியரிடம் செய்தியாகப் போடலாமா என்று கேட்டேன். அந்த முதலாளியின் ஆலை தீபாவளிக்கு முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிறது, பேசாமல் இரு என்றார். வக்கீல் ஒருவர், நோட்டீஸ் விட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த தீபாவளியே வந்துவிடும் என்றார்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் பூராவும் அந்த வெடியைத்தான் போட்டார்கள். பட்டாளத்து வெடி என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். பிள்ளைகளை என்ன சொல்ல முடியும்? நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். வெடிச் சத்தம் என்னை ஒன்றும் செய்யாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவன் நான், அன்றைக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும் தோள் தூக்கித் தூக்கிப் போட்டது. வெயில் ஏறினதும் என் மனைவி விளக்குமாறும் முறமும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பின்னாலேயே நானும் போனேன்.

தெரு பூராவும் அவன் கிடந்தான். ஒரு இடத்தில் பாதி மீசை, ஒரு இடத்தில் தொப்பி, சாக்கடை ஓரத்தில் ஒரு கண். பால்காரர் சைக்கிள் டயரில் கன்னம் ஒட்டிக்கொண்டு போனது. அவள் மற்ற குப்பையைத் தள்ளிவிட்டு, முகம் இருந்த துண்டுகளை மட்டும் குனிந்து குனிந்து பொறுக்கி முறத்தில் போட்டாள். தெரு முக்கு வரைக்கும் பொறுக்கினாள். பிறகு முறத்தைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டாள்.

"பெட்டிக்குள்ளயும் எங்க அண்ணன் இப்பிடித்தான் இருந்துச்சா?"

அத்தனை வருசமாக நான் மூடி வைத்திருந்தேன். பனியில் அவனைப் பொறுக்கின கை என்னுடையது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நடுத்தெருவில், தீபாவளியன்று காலையில், என் பொண்டாட்டிக்கு நான் அதைச் சொல்லும்படி ஆயிற்று.

துண்டுகளைக் குப்பைத் தொட்டியில் போட அவளுக்கு மனசு வரவில்லை. எரிக்கலாம் என்றால் இன்னொரு தடவை எரிப்பதா என்றாள். கடைசியில் காலி பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு மூடி, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அடுப்பைப் பார்த்தபடி, குரலே உயர்த்தாமல் சொன்னாள்.

"அந்த மொதலாளியோட அப்பா மூஞ்சியும் இப்பிடித் தெருவில கிடக்கணும். நாலு பேர் மிதிக்கணும். நான் போய்ப் பெருக்கணும்."

எங்கள் வீட்டில் அவள் ஒன்றைக் கேட்டு நான் வாங்கிக் கொடுக்காமல் இருந்தது கிடையாது.

பட்டாளத்தில் எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்ததை விடக் காத்திருக்கத்தான் அதிகம் கற்றுக்கொடுத்தார்கள். நான் காத்திருந்தேன். அந்த முதலாளியின் விழாக்களுக்குப் போனேன், செய்தி போட்டேன், அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். 'மிலிட்டரிக்கு இப்ப கோவம் போயிருச்சு' என்று அவரே எல்லாரிடமும் சொல்லிச் சந்தோசப்பட்டார். உள்ளுக்குள் கறுவிக்கொண்டே நானும் சிரித்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அவரே கூப்பிட்டு விட்டார். ஆலையைத் தொடங்கின அவருடைய அப்பாவுக்கு அந்த வருசம் நூற்றாண்டு. பேப்பரில் சிறப்புப் பக்கம் போட வேண்டும், நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார். வீட்டு முன்னறையில் அப்பா படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. சந்தன மாலை, கீழே சின்ன பல்பு. வெளியே கிளம்பும்போது அதன் காலைத் தொட்டுக் கும்பிடாமல் அவர் போக மாட்டார். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்கக் குளுகுளுவென்று இருந்தது.

எழுதுகிறேன் அண்ணாச்சி, ஆனால் ஒரு யோசனை என்றேன். அவர் எனக்குச் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அவருக்கே திருப்பிக் கொடுத்தேன்.

"பேப்பர்ல வந்தா ஒருநாள், மறுநாள் வடை மடிக்கப் போயிரும். வெடியில வந்தா நாடு பூராப் போகும். உங்க கம்பெனியில எது அண்ணாச்சி நல்லா ஓடுது?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருசத்தில் இது எனக்குத் தோணலையே என்றார். வெளியூர்க்காரன் யாரும் இதில் விழுந்திருக்க மாட்டான். கொளுத்திக் கிழிக்கிற சாமானில் எவன் அப்பா படத்தைப் போடுவான்? சிவகாசியில் பிறந்து லேபிளுக்கு நடுவிலேயே வளர்ந்தவருக்கு அது தோன்றவே இல்லை. அவர்களுக்கு லேபிள் என்றால் பண்டலில் பளபளவென்று இருப்பது, லோடு ஏறி வடக்கே போவது. அதற்கப்புறம் அது என்ன ஆகிறது என்று அவர்கள் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் என் மச்சானைப் போட்டிருப்பாரா? நான் எச்சரித்திருக்கலாம். ஏன் எச்சரிக்க வேண்டும்?

அந்த வாரமே பட்டாளத்து லேபிளின் அச்சு பிளேட்டை எடுத்துவிட்டு அப்பா படத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். மச்சான் முகம் ஒரு வழியாகத் தெருவை விட்டு ஏறியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"அவுக வாசல்ல வெடிப்பாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

வெடிப்பார். அது அவர் குடும்பத்து வழக்கம். அந்த வருசம் புதுசாக வந்த ஐட்டத்தைத் தீபாவளியன்று முதலாளி வீட்டு வாசலில், அவர் கையால், முதலில் கொளுத்திவிட்டுத்தான் மற்றவர்கள் கொளுத்துவார்கள். படம் எடுக்க என்னை வரச் சொல்லியிருந்தார். குடும்பத்தோடு வாங்க மிலிட்டரி, இது உங்க யோசனை என்றார்.

போன தீபாவளியன்று இருட்டோடு எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்து, என் மனைவி புதுப்புடவை கட்டினாள். ஒரு துணிப்பையில் முறத்தை வைத்தாள், மேலே பிஸ்கட் டப்பாவை வைத்தாள். மகளை அவள் அத்தை வீட்டில் விட்டுவிட்டு, வண்டியில் சிவகாசிக்குக் கிளம்பினோம். ஆமத்தூருக்குப் பிரிகிற விலக்கு வந்தபோது அவள் என் தோளில் கையை வைத்தாள்.

முதலாளி வீட்டு வாசலைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். அப்பா பார்க்கட்டும் என்று சின்ன படம் ஒன்றை நாற்காலியில் வைத்து வாசலைப் பார்த்துத் திருப்பியிருந்தார்கள். பட்டு வேட்டியில் அவர் வந்தார். சொந்தபந்தம், ஆலை ஆட்கள், பக்கத்து வீடுகள் எல்லாம் கூடிவிட்டார்கள். காலையில் வெடிப்பதற்கு அரசு கொடுத்த நேரம் தொடங்கியதும் ஊதுபத்தியால் திரியைத் தொட்டார். நான் படம் எடுத்தேன். சத்தம் கேட்டதும் எல்லாரும் கைதட்டினார்கள். அப்பாவின் நெற்றித் திருநீறு ஒரு துண்டாகப் பறந்து கோலத்தில் விழுந்தது. அப்புறம் ஆளாளுக்குக் கொளுத்தினார்கள். என் தோள் அன்றைக்கு ஒரு தடவைகூடத் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு சத்தமும் இனித்தது.

எல்லாரையும் வைத்து ஒரு குரூப் போட்டோ எடுக்கலாம் என்றேன். வரிசையாக நின்றார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க அண்ணாச்சி, வெளிச்சம் பத்தலை என்றேன். வந்தார். இன்னும் கொஞ்சம் என்றேன். வெடித்த காகிதத்தின் நடுவில் வந்து நின்று, செருப்புக் காலைச் சரியாக ஊன்றிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பேப்பரில் வரும் என்றேன். வந்தது.

கூட்டம் பலகாரத்துக்கு உள்ளே போனது. என் மனைவி பையில் இருந்து முறத்தை எடுத்து, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். முதலாளி பதறிப்போய்ப் படியிறங்கி வந்தார். "ஏம்மா, நீங்க விருந்தாளி. விடுங்க, பெருக்க ஆள் இருக்கு" என்றார். அவள் நிமிரவில்லை. சாம்பலையும் நூலையும் தள்ளிவிட்டு, முகத்தை மட்டும் பொறுக்கினாள். ஒரு காது, கண்ணாடியில் பாதி, பல் தெரிகிற வாய், செருப்புத் தடம் பதிந்த நெற்றி. அவர் முதலில் புரியாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பொறுக்குவதைப் பார்த்து, பிறகு தரையைப் பார்த்து, பிறகு தன் காலைத் தூக்கிச் செருப்புக்கு அடியில் பார்த்தார். முகம் செத்துப்போனது. நாற்காலியில் இருந்த படத்தை அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன், அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஒரு வருசம் காத்திருந்தேன்.

அவள் முறத்தை இரண்டு கையாலும் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க அப்பா."

வாங்காமல் இருக்க அவரால் முடியவில்லை, வாங்கிக்கொண்டார். காகிதம் முறத்தில் சலசலத்தது. என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், சின்னப்பிள்ளை வழி கேட்கிற மாதிரி கேட்டார்.

"இத நான் எங்கம்மா போட?"

என் மனைவி பையில் இருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து காட்டினாள். போன வருசத்து மீசையும் தொப்பியும் தழும்பு விழுந்த புருவமும் சாயம் மங்கிக் கிடந்தன.

"அது தெரிஞ்சா, எங்க அண்ணன நான் ஏன் ஒரு வருசமா டப்பாவுக்குள்ள வச்சிருக்கேன்?"

மூடியைப் போட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வண்டியை எடுங்க என்று என்னிடம் சொன்னாள். எடுத்தேன். தெரு முக்கில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே இருந்து யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முறத்தைக் கீழே வைக்க இடம் தெரியாமல், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.